ஸ்ப்ளெண்டர் இன்ஜின் வேலைக்குப் பிறகு டைமிங் செயின் சத்தம்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

இன்ஜினைப் பிரித்து, போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) அடித்து, புது பிஸ்டன் போட்டு, வால்வு தேய்த்து உட்கார வைத்து, கணிசமாகச் செலவழித்து வெளியே எடுத்த வண்டியில் இடப்பக்கத்திலிருந்து கலகலவென்று சத்தம் வந்தால் யாருக்கும் மனசு கஷ்டப்படும். வேலை செய்தவர் "ஓட ஓட சரியாயிடும் தம்பி" என்பார். அடுத்த கடைக்காரர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு "திரும்பப் பிரிச்சாத்தான் தெரியும்" என்பார். இரண்டு பதிலையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டைமிங் செயின் என்பது பின்சக்கரத்தை ஓட்டும் செயின் அல்ல, இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுற்றும் செயின். அதன் சத்தத்துக்கான காரணங்களில் பெரும்பாலானவற்றை இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே பார்த்துவிடலாம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. செலவில்லாத சோதனை முதலில், கையைக் கறையாக்கும் சோதனை பிறகு, வால்வுகள் இருக்கும் ஹெட்டைத் தூக்குவது கடைசியில்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஹீரோ ஹோண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர், பேஷன் வண்டிகளில் வந்த படுக்கை இன்ஜின், அதாவது சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பது. 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக், 97.2 சிசி. 1985-இல் சிடி 100-உடன் இந்தியாவுக்கு வந்தது, 1994-இல் ஸ்ப்ளெண்டரில் ஏறியது. ஹோண்டாவின் சூப்பர் கப் வண்டிகளின் குடும்பத்தைச் சேர்ந்த வடிவமைப்பு. நம் ஊரில் அதிகமாகப் பிரித்துக் கட்டப்படும் இன்ஜின்களில் இதுவும் ஒன்று. சிலிண்டர் நின்ற நிலையில் இருக்கும் மற்ற வண்டிகளில் டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வேறு மாதிரி இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செயின் உள்ளே எப்படி ஓடுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். கிராங்கின் (பிஸ்டன் சுற்றும் தண்டு) இடப்பக்கம், மேக்னெட்டுக்கு (கரண்ட் எடுக்கும் காந்தச் சக்கரம்) உள்பக்கமாக ஒரு சின்ன ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) இருக்கிறது. அதிலிருந்து செயின் போருக்குப் பக்கத்தில் உள்ள குழி வழியாக ஹெட்டுக்குப் போய், கேம் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றித் திரும்பி வருகிறது. கேம் ஸ்ப்ராக்கெட்டில் பற்கள் சரியாக இரண்டு மடங்கு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று.

கிராங்க் சீரான வேகத்தில் சுற்றுவதில்லை. வெடிக்கும்போது துள்ளும், அழுத்தும்போது தயங்கும். கேமும் வால்வு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே சுற்றுகிறது: ஸ்பிரிங்கை அமுக்கும்போது செயினை இழுக்கும், ஸ்பிரிங் விரியும்போது செயினைத் தளர்த்தும். இந்த இழுபறியில் செயின் அலைந்து சுவரில் அடிக்காமல் இருக்கத்தான் ரோலரும் டென்ஷனரும் இருக்கின்றன. போரின் நடுவில், வெளியிலிருந்து ஒரு போல்ட்டில் கோத்த ரப்பர் ரோலர் ஒன்று. கீழே இன்ஜின் பெட்டியில் டென்ஷனர் ஆர்ம், அதன் நுனியில் இன்னொரு ரோலர். அந்த ஆர்மைக் கீழிருந்து ஒரு ராட் தள்ளுகிறது. ராடுக்குப் பின்னால் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குப் பின்னால் அடியில் ஒரு போல்ட். ராட் ஓடும் துளையில் ஆயில் நிற்கும். அது ராட் சட்டென்று பின்வாங்காமல் தடுக்கிறது. அதாவது இந்த டென்ஷனர் ஸ்பிரிங்கை மட்டும் நம்பியதில்லை, ஆயிலையும் நம்பியது. பாதி மர்மம் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்தக் குடும்ப இன்ஜினில் ஆயில் பம்பையும் இதே செயின்தான் சுற்றுகிறது. அதனால்தான் "சத்தம்தானே, ஓடட்டும்" என்று விடக்கூடாது என்கிறேன்.

முதலில் மெக்கானிக்கிடம் கேளுங்கள்

சண்டைக்குப் போவதுபோல் போகாமல், "அண்ணே, என்னென்ன சாமான் மாத்துனீங்க, பழசு இருந்தா கொடுங்க" என்று கேளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை: செயின் மாற்றியதா, பழையதையே போட்டதா? செயின் மாற்றியிருந்தால் கேம் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றியதா? ரோலர்கள்? டென்ஷனர் ராடைக் கழற்றினார்களா? ஹெட்டின் முகத்தை லேத்தில் சீவி ஃபேஸ் அடித்தார்களா? கிராங்கை வெளியே எடுத்தார்களா, போர் மட்டும்தானா?

பதிலைப் பொறுத்து உங்கள் சந்தேகத்தின் திசை மாறும். போர், பிஸ்டன் மட்டும் மாற்றி, செயினும் ரோலரும் பழையதென்றால் சத்தம் வேலைக்கு முன்பும் இருந்திருக்கலாம். பழைய பிஸ்டன் சத்தத்தில் அது அமுங்கிப்போயிருக்கும். இப்போது பிஸ்டன் அமைதியானதும் செயின் தனியாகக் கேட்கிறது. இப்படி நடப்பது மிகவும் சகஜம், இதில் மெக்கானிக்கின் கைத்தவறு எதுவும் இல்லை. எல்லாம் புதிது, ஆனாலும் சத்தம் என்றால் பொருத்தியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது மட்டமான சாமான். கிராங்கையும் இறக்கி வேலை செய்திருந்தால் கீழே ஆர்ம், ராட், ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட் எல்லாமே கைபட்டவை. அங்கேயும் தேட வேண்டியிருக்கும்.

சத்தம் எப்போது வருகிறது

எல்லாரும் "எங்கேயிருந்து வருது" என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அலுமினியம் சத்தத்தை நன்றாகக் கடத்தும். ஹெட்டில் வரும் சத்தம் கிளட்ச் கவரில் கேட்கும், பெட்டியில் வரும் சத்தம் ஹெட்டில் கேட்கும். ஆனால் சத்தம் வரும் நேரம் ஏமாற்றாது. ஒரு காகிதத்தை எடுத்து, கீழே சொல்லும் நான்கு நேரங்களிலும் என்ன கேட்டது என்று எழுதுங்கள்.

காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் அரை நிமிஷம். அந்த நேரத்தில் மட்டும் கலகலத்து, ஆயில் ஏறியதும் அடங்கினால் டென்ஷனர் துளையில் ஆயில் நிற்காமல் இறங்கிவிடுகிறது, அல்லது மேலே ஆயில் தாமதமாக வருகிறது. மாறாக, கனமான டொக் டொக் சத்தம் குளிரில் வந்து சூடானதும் மறைந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் போரில் அடிக்கும் சத்தம். போரில் இடைவெளி அதிகமாக விட்டிருக்கிறார்கள்.

பிறகு நன்றாகச் சூடான பின் ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், நிற்கும்போது. இந்த இன்ஜினின் ஸ்லோ நிமிஷத்துக்குச் சுமார் 1,400 சுற்று. கேம் அதில் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒவ்வொரு டேப்பட்டும் (கேம் தள்ளி வால்வை அமுக்கும் ராக்கர் கையின் நுனித் திருகு) நிமிஷத்துக்கு 700 முறை, நொடிக்குப் பன்னிரண்டு முறை போல அடிக்கும். அது தையல் மெஷின் மாதிரி ஒழுங்கான டிக்டிக். செயின் சத்தத்தில் அந்த ஒழுங்கு இருக்காது. சலசலவென்று கூடிக் குறைந்து, சில சமயம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். ஸ்லோவை இருநூறு முந்நூறு சுற்று கூட்டிப் பாருங்கள். செயின் சத்தம் என்றால் அநேகமாகக் குறையும், ஏனென்றால் கிராங்கின் துள்ளல் அந்த வேகத்தில் சீராகிவிடுகிறது. டேப்பட் சத்தம் குறையாது, வேகமாக மட்டும் ஆகும்.

மூன்றாவது நேரம் மிக முக்கியமானது. நியூட்ரலில் மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருகி நடுத்தர வேகத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டென்று விடுங்கள். வேகம் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் கரகரவென்று வந்தால் செயின் தளர்ச்சி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதுவரை இழுபட்டிருந்த பக்கம் அப்போது தளர்கிறது. டென்ஷனர் அதைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நான்காவது, ஓட்டும்போது. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது மட்டும் கிணுகிணுவென்று வந்தால் செயினை விட்டுவிடுங்கள். பெட்ரோல் முன்கூட்டி வெடிப்பது, அல்லது இக்னிஷன் டைமிங் பக்கம் பார்க்க வேண்டும். வேகம் கூடக் கூட ஊளையிடுவதுபோல் கிர்ர் என்று சத்தம் ஏறினால் செயின் தளர்ச்சிக்கு நேர் எதிர்: இறுக்கம் அதிகம். யாரோ டென்ஷனர் ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் போட்டு நெம்பியிருக்கலாம். இந்தக் கைவைத்தியம் சத்தத்தை உடனே நிறுத்தும், பதிலுக்கு ரோலர் ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்பது

நேரத்தைக் குறித்த பிறகு இடத்துக்கு வரலாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வையுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். சட்டைக்கை, துண்டு எதுவும் பின்சக்கரச் செயின் பக்கம் தொங்கக்கூடாது. சைலன்சர் குழாயிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டின் இடப்பக்க வட்ட மூடி, போரின் இடப்பக்கத்தில் ரோலர் போல்ட்டின் தலை, மேக்னெட் கவரின் அடிப்பகுதி, மேலும் கீழும் உள்ள இரண்டு டேப்பட் மூடிகள், வலப்பக்கக் கிளட்ச் கவர். ஒவ்வொன்றிலும் அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். ரோலர் போல்ட்டின் தலையில் மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் கேட்டால் நடு ரோலர் மீது சந்தேகம். மேக்னெட் கவரின் அடியில் என்றால் டென்ஷனர் ஆர்ம். வட்ட மூடியில் என்றால் கேம் ஸ்ப்ராக்கெட், அதன் போல்ட்டுகள், கேம் பேரிங். கிளட்ச் கவரில் பலமாகக் கேட்டால் கிளட்ச் லீவரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் செயினுக்கு அதில் பங்கில்லை.

டேப்பட்டை முதலில் சரிசெய்து விலக்குங்கள்

புதிதாகக் கட்டிய இன்ஜினில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து படியும் வரை டேப்பட் இடைவெளி மாறிக்கொண்டிருக்கும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை திரும்பப் பார்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இரவு நிறுத்திக் காலையில் பார்ப்பது நல்லது.

பிளக்கைக் கழற்றுங்கள், மேக்னெட் கவரைக் கழற்றுங்கள். மேக்னெட்டை இடப்பக்கத்திலிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி, டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டைப் பெட்டியில் உள்ள குறியோடு சேர்த்து நிறுத்துங்கள். இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹோண்டா கப் குடும்பத்தில் வழக்கமான இடைவெளி 0.05 மி.மீ. உங்கள் மாடலுக்கான எண்ணை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து அதையே வையுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு திரும்ப ஒருமுறை நுழைத்துப் பாருங்கள், இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும்.

சத்தம் வருகிறதே என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கி வைக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகும். செய்யவே கூடாத வேலை.

ஆயில்

அளவைக் குச்சியில் பாருங்கள். வேலை முடிந்து கடையில் ஊற்றியது குறைவாக இருக்கலாம், ஏனென்றால் முழுக்கப் பிரித்த இன்ஜினுக்குச் சாதாரண ஆயில் மாற்றத்தைவிடக் கூடுதலாகத் தேவை. தரம் புத்தகத்தில் சொன்னபடி இருக்கட்டும். கிளட்ச்சும் இதே ஆயிலில் ஓடுவதால் ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள பைக் ஆயில்தான் வேண்டும். சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது குளிர் ஸ்டார்ட்டில் ஹெட்டுக்கு ஆயில் போவதை இன்னும் தாமதப்படுத்தும்.

அடுத்து, ஆயில் மேலே ஏறுகிறதா? இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது மேல் டேப்பட் மூடியைத் திறந்து எட்டிப் பாருங்கள். உள்ளே ராக்கர் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும், கொஞ்சம் தெறிக்கவும் செய்யும். ஒரு நிமிஷம் ஓடியும் வறண்டு கிடந்தால் உடனே நிறுத்துங்கள். பேக்கிங்குக்கு அப்பிய பேஸ்ட் பிதுங்கி ஆயில் வழியை அடைத்திருக்கலாம், ஓ ரிங் விட்டுப்போயிருக்கலாம், பேக்கிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். இந்த நிலையில் செயின் சத்தத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை. கேமும் ராக்கரும் தேய ஆரம்பித்துவிடும்.

அடியில் உள்ள டென்ஷனர் போல்ட்

என் கணிப்பில், வேலை முடித்த ஸ்ப்ளெண்டரில் செயின் கத்தினால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். ஹெட்டைத் திறக்காமல், ஒரே போல்ட்டில் பார்க்க முடிகிற இடம். ஆனாலும் கடைகளில் அதிகம் கண்டுகொள்ளாமல் விடும் இடமும் இதுவே.

இன்ஜின் பெட்டியின் அடியில் இடப்பக்கமாக அந்த போல்ட் இருக்கிறது. ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சுற்றியுள்ள மண்ணை மண்ணெண்ணெய் பிரஷ்ஷால் நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் மண் நேராக ராட் துளைக்குள் போகும். கீழே தட்டு வைத்து மெதுவாகத் திருகுங்கள். கொஞ்சம் ஆயில் வரும், ஸ்பிரிங் வரும், பின்னாலேயே ராட் இறங்கும். இறங்காவிட்டால் காந்தக் குச்சியால் இழுங்கள். இதையெல்லாம் செய்யும்போது யாரும் கிக்கரைத் தொடக்கூடாது, கியர் போட்டு வண்டியை உருட்டவும் கூடாது. டென்ஷனர் இல்லாமல் செயின் பல் தாண்டினால் டைமிங்கே மாறிவிடும்.

ராடைத் துடைத்துப் பாருங்கள். உடம்பில் கோடு விழுந்திருக்கிறதா? துளைக்குள் விட்டால் தன் எடையிலேயே நழுவ வேண்டும். சிக்கினால் பசை, பேஸ்ட் துணுக்கு, அல்லது பழைய கார்பன். நன்றாகக் கழுவினால் போதும், எமரி போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் இடைவெளி கூடி ஆயில் நிற்காது. ராடின் தலையில் உள்ள ரப்பர் தட்டையாகி, குழிந்து, வெடித்திருந்தால் ராடையே மாற்றுங்கள். விலை குறைவான சாமான்.

ஸ்பிரிங்கைப் புதிய ஸ்பிரிங் ஒன்றின் பக்கத்தில் நிற்க வைத்து ஒப்பிடுங்கள். குட்டையாக இருந்தால் மாற்றுங்கள். யாராவது இழுத்து நீட்டியிருந்தால் வளையங்களின் இடைவெளி ஒரே சீராக இருக்காது, பார்த்தாலே தெரியும். அந்த மாதிரி ஸ்பிரிங் கொஞ்ச நாளில் திரும்பப் படுத்துவிடும். ஸ்பிரிங்கே இல்லாமல் போல்ட் மட்டும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பூட்டும்போது ராடைச் சுத்தமான இன்ஜின் ஆயிலில் முக்கி, துளையிலும் ஆயில் விட்டு ஏற்றுங்கள். உலர்ந்த ராடைப் போட்டால் துளையில் ஆயில் நிரம்ப நேரமாகும், அதுவரை சத்தம் வரும். புது வாஷர் போட்டு போல்ட்டை இறுக்குங்கள். அலுமினியத் திருகு என்பதால் பலம் காட்ட வேண்டாம். இறங்கிய ஆயிலுக்குப் பதில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அந்த நான்கு நேரங்களையும் திரும்பக் கேட்டு உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இடப்பக்க மூடியைத் திறந்து மார்க் பார்ப்பது

சத்தம் மாறவில்லை என்றால் ஹெட்டின் வட்ட மூடியைக் கழற்றுங்கள். மேக்னெட்டின் டி கோடு பெட்டிக் குறியில் நிற்கும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள சின்ன வட்டக் குறி ஹெட்டில் வெட்டிய குறிக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பல் மாறியிருந்தால் கண்ணுக்கே தெரியும். 28 பல் உள்ள ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் என்பது கேமில் ஏறக்குறைய 13 டிகிரி, கிராங்கில் 26 டிகிரி. அப்படிப்பட்ட வண்டி சத்தம் மட்டும் போடாது, பிக்கப்பும் இருக்காது, ஸ்டார்ட்டும் தகராறு செய்யும். ஒரு பல்லில் பாதிக்கும் குறைவாகக் குறி பின்தங்கி நின்றால், இழுக்கும் பக்கம் செயின் நீண்டிருக்கிறது என்று படிக்க வேண்டும். செயின் நீள நீள கேம் பின்னால் தங்கும்.

இப்போது மேக்னெட்டைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கவனியுங்கள். மேக்னெட் நகர்ந்து வெகுநேரம் கழித்து ஸ்ப்ராக்கெட் கிளம்பினால் தளர்ச்சி. வால்வுகள் மூடியிருக்கும் நிலையில்தான் இதைப் பார்க்க வேண்டும். வால்வு அமுங்கியிருந்தால் ஸ்பிரிங் கேமைத் தள்ளித் தப்பான விடை காட்டும். அப்புறம் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கேம் பேரிங் அல்லது ஸ்ப்ராக்கெட் போல்ட். போல்ட் தளர்ந்திருந்து சத்தம் போட்ட வண்டிகளும் உண்டு. மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். புதிதாக, பளிச்சென்று உரசல் கோடு இருந்தால் செயினோ போல்ட் தலையோ அங்கே அடிக்கிறது.

நடு ரோலர்

போரை இறக்கும்போது ரோலரை இடத்தில் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து போல்ட்டைக் கோக்க வேண்டும். அவசரத்தில் போல்ட் ரோலரின் துளைக்குள் போகாமல் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், உள்ளே ரோலர் கோணலாகச் செயினோடு உரசிக்கொண்டிருக்கும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் செயின் ரோலரின் நடுப்பள்ளத்தில் ஓடுகிறதா என்று தெரியும். அந்த போல்ட்டைச் சுற்றி ஆயில் கசிந்தால் வாஷர் விட்டுப்போயிருக்கிறது. அங்கே கசிந்தால் ரோலரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள், ஒரே கை பூட்டியதுதானே. ரப்பர் கல்லாக இறுகி, செயின் பதிந்த பள்ளம் ஆழமாக இருந்தால் செயின் புதிதாக இருந்தும் சத்தம் போகாது.

செயினை அளப்பது

ஹெட்டைத் தூக்கும் கட்டம் வந்தால் செயினை ஊகிக்க வேண்டாம், அளங்கள். இந்த இன்ஜினில் ஓடும் 25 ஹெச் வகைச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 6.35 மி.மீ. இருபது இடைவெளி 127 மி.மீ. செயினை மண்ணெண்ணெயில் கழுவி, நேராக இழுத்துப் பிடித்து, வெர்னியரில் 20 இடைவெளியை மூன்று நான்கு இடங்களில் அளங்கள். 128.3-ஐத் தொட்டால் ஒரு சதவீதம் நீண்டுவிட்டது. நானாக இருந்தால் அந்த அளவிலேயே மாற்றிவிடுவேன். இரும்பு நீள்வதில்லை, பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சுமார் அரை மீட்டர் செயினில் ஒரு சதவீதம் என்பது 5 மி.மீ. தளர்ச்சி.

புதுச் செயினையும் அளங்கள். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதே இடத்துக்கு இடம் அளவு மாறும் செயின்கள் சந்தையில் இருக்கின்றன. கம்பெனிச் சாமான் கூடுதல் விலை என்றாலும், ஹெட்டைத் திரும்பத் தூக்கும் கூலியோடு பார்த்தால் அது கூடுதல் இல்லை. கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது.

ஹெட் ஃபேஸ் அடித்ததால்தான் செயின் லூஸ் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். 0.3 மி.மீ. வெட்டியிருந்தால் கேம் அந்த அளவு கிராங்குக்குப் பக்கத்தில் வருகிறது. செயினுக்கு இரண்டு பக்கம், ஆக 0.6 மி.மீ. தளர்ச்சி. டென்ஷனர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். தேய்ந்த செயினின் 5 மி.மீ. முன்னால் இது ஒன்றுமேயில்லை. ஏற்கெனவே எல்லையில் இருக்கும் செயினோடு சேர்ந்தால் மட்டும் கொஞ்சம் பாரம் கூட்டும்.

செயின் குற்றமில்லை என்றால்

மேக்னெட் நட் தளர்ந்திருந்தால் ஸ்லோவில் அப்படியே செயின் மாதிரி கடகடக்கும். மேக்னெட் கவர் திறந்திருக்கும்போதே அதைச் சரிபார்த்துவிடுங்கள். சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்தில் பேக்கிங் நசுங்காமல் விட்டுப்போனால் டஸ் டஸ் என்று டேப்பட் போலக் கேட்கும். சோப்புத் தண்ணீரைத் தடவி, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் குமிழி வரும். கிராங்கை இறக்கி கனெக்டிங் ராட் மாற்றிய வண்டியில் வேகம் கூடினால் கனத்த அடி கேட்கிறதென்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். அங்கே காத்திருப்பது ஆபத்து.

நின்ற சிலிண்டர் வண்டிகளில்

யூனிகார்ன், ஷைன், பல்சர் போன்றவற்றில் டென்ஷனர் தனிப் பொருளாகப் போரின் பின்பக்கம் வெளியிலேயே இரண்டு போல்ட்டில் நிற்கும். உள்ளே ஸ்பிரிங் தானாக முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், பின்வாங்காது. கழற்றி எடுத்து நீண்டிருக்கும் தண்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே போனால் அது கெட்டுவிட்டது. ஹோண்டா வகையில் பின்னால் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி, மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கம் திருப்பினால் தண்டு உள்ளே இழுக்கும், விட்டால் தானாகத் துள்ளி வர வேண்டும். வேலை செய்தவர் இழுத்து வைத்த நிலையிலேயே பூட்டிவிட்டு, விடுவிக்க மறந்திருப்பதும் நடக்கும். இந்த வண்டிகளில் ரோலருக்குப் பதில் நீள ரப்பர் பட்டைகள் இருக்கும். முன்பட்டை கீழே தன் குழியில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

திரும்பப் பூட்டும்போது

செயினை ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். குறிகள் சேர்ந்த பிறகு மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றித் திரும்பப் பாருங்கள். இடையில் எங்கேயாவது கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. பிளக் இல்லாமல், சாவி ஆஃபில், மேல் டேப்பட் மூடியில் ஆயில் தென்படும் வரை கிக்கரை மிதியுங்கள். பிறகுதான் ஸ்டார்ட்.

புதுச் செயினும் புது ரோலரும் ஆரம்பத்தில் லேசாக இரைவது இயல்பு. அது சீராக இருக்கும், ஆக்ஸிலேட்டரை விடும்போது கரகரக்காது. முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிற மினுமினுப்பு கொஞ்சம் இருக்கும், புது ரிங் தேய்ந்தது. கறுப்பு ரப்பர் துணுக்கு வந்தால் ரோலர் எங்கேயோ உரசுகிறது, டென்ஷனர் போல்ட்டிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்து சத்தம் மட்டும் அப்படியே இருந்தால் மிச்சம் இருப்பது கிராங்கில் உள்ள சின்ன ஸ்ப்ராக்கெட். அது கிராங்கோடு அழுத்திப் பொருத்தியது, பற்கள் தேய்ந்திருந்தால் பெட்டியைப் பிளந்துதான் ஆக வேண்டும். அந்த முடிவுக்கு வரும் முன் மேக்னெட்டைப் புல்லரால் கழற்றி, அந்தப் பற்களை டார்ச் அடித்து உங்கள் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.